கண்ணாடிப் பேழைக்கு ஒரு முகம்

அடுத்த பெரிய வெள்ளி வந்து போகும்வரை எங்கள் தெருவில் யாரும் நிம்மதியாக மூச்சு விடப்போவதில்லை. ஏரியில் தண்ணீர் ஏறிவிட்டது. மலையிலிருந்து மழை இறங்கிக்கொண்டே இருக்கிறது. தவக்காலத்துக்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடக்கிறது. அதற்குள் காசியானாவைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். ஊரில் ஆளுக்கொரு கதை கட்டிவிட்டார்கள். எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

என் பெயர் உர்பானோ. தகடு அடிக்கிறவன். கோயில் சிலைகளான சுரூபங்களின் தலைக்குப் பின்னால் வைக்கிற ஒளிவட்டம், மாதாவின் கிரீடம், வியாகுல மாதாவின் நெஞ்சில் குத்துகிற வாள்கள் எல்லாம் என் சுத்தியலுக்கு வேலை. சுரூபம் செதுக்கியே பிழைக்கிற எங்கள் பாயெத்தே ஊரில் மரத்தைத் தொடாமல் சோறு தின்கிற ஆண்பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான். அதனால் மரம் செதுக்குகிறவர்களின் பயங்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை உண்டு என்று நினைத்திருந்தேன்.

காசியானா சதை பூசுகிறவள். அப்படித்தான் அந்த வேலையை இங்கே சொல்வோம். செதுக்குகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அவன் கொடுப்பது மரம்தான். அதன்மேல் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசையில் குழைத்த சுண்ணத்தை மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, சொரசொரப்பான காட்டு இலையால் தேய்த்து, திரும்பப் பூசி, மரத்தின் ரேகை ஒன்றுகூடத் தெரியாமல் ஆக்கவேண்டும். பிறகுதான் வர்ணம். வர்ணம் பாதி காய்ந்திருக்கும்போது ஆட்டின் மூத்திரப்பைத் தோலை எச்சிலில் நனைத்துத் தேய்ப்பாள். தேய்க்கத் தேய்க்க அது சாயமாக இருப்பது போய்த் தோலாகிவிடும். தொட்டால் சூடாக இருக்குமோ என்று பார்க்கிறவனுக்குக் கை தயங்கும்.

வேலை செய்யும்போது சுரூபங்களைத் திட்டிக்கொண்டே இருப்பாள். “மூஞ்சிய அப்பிடி வச்சுக்கிட்டா யாருய்யா உங்கிட்ட வேண்டுதல் வைப்பா?” என்று அந்தோனியாரையே ஒரு நாள் கேட்டாள். பாம்புக்குப் பயப்படமாட்டாள், புயலுக்குப் பயப்படமாட்டாள். அவளுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. அது அவள் தம்பி பெர்மின்.

அவனைப் பெற்ற அன்றே தாய் செத்துப்போனாள். தகப்பன் படகுக்காரர், கரையில் இருக்கிற நாளைவிடத் தண்ணீரில் இருக்கிற நாள் அதிகம். பாவாடைச் சிறுமியாக இருந்த காசியானா கஞ்சித் தண்ணீர் ஊட்டி அவனைப் பிழைக்கவைத்தாள். சுரூபம் செதுக்குகிற பட்டறையில் தேய்க்கிற வேலைக்கு வந்தபோதும் இடுப்பில் அவனோடுதான் வந்தாள். மரச்சீவல் நிரம்பிய பெட்டியில் அவனைப் படுக்கவைத்துவிட்டு வேலை பார்ப்பாள். பின்னால் அதே பட்டறைக்காரன் அன்செல்மோவைக் கட்டிக்கொண்டபோது, “எல்லாப் பொண்ணும் சீதனமா எருமை கொண்டாருவா, இவ ஒரு தம்பியக் கொண்டாந்திருக்கா” என்று அன்செல்மோ கல்யாணப் பந்தியிலேயே கேலி பேசினான். பேச்சுக்குப் பஞ்சமில்லாத ஆள் அவன்.

பெர்மின் வளர்ந்து மீன்பிடிக்கப் போனான். ஆள் ஒல்லி. விலா எலும்பை எண்ணலாம், முழங்கால் முட்டி துருத்திக்கொண்டு நிற்கும். செதுக்குகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கல்தூணில் கட்டுண்ட ஆண்டவர், வலது பக்கத்துக் கள்ளன், வலை இழுக்கிற இராயப்பர் என்று அன்செல்மோ எதைச் செய்தாலும் மச்சானைக் கூப்பிட்டு நிறுத்திவிடுவான். எங்கள் மாகாணத்தில் பாதிக் கோயில்களில் பெர்மினின் முழங்கால் இருக்கிறது. ஒரு யூதாஸுக்கு அவன் மூக்கையே வைத்துவிட்டான் என்று அக்காளுக்கும் மச்சானுக்கும் சண்டை நடந்தது. பெர்மின் அதற்கும் சிரித்தான்.

ஆனால் எங்கள் தெருவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பெரிய வெள்ளியன்று சிலுவையிலிருந்து இறக்கினவராகக் கண்ணாடிப் பேழைக்குள் கிடத்துகிற செத்த ஆண்டவரின் சுரூபத்துக்கு மட்டும் உயிரோடு இருக்கிற எவன் முகத்தையும் வைக்கமாட்டார்கள். பழைய சுரூபத்தைப் பார்த்துச் செய்வார்கள். இல்லாவிட்டால் ஒருத்தன் நெற்றி, இன்னொருத்தன் தாடை என்று கலந்து, யாருமில்லாத ஒரு முகமாக ஆக்கிவிடுவார்கள். பேழைக்குள் முகம் போனவன் அடுத்த பெரிய வெள்ளியைப் பார்க்கமாட்டான் என்பது பேச்சு. வேதத்தில் அப்படி ஒன்றும் இல்லை, சாமியாரிடம் சொன்னால் காதைத் திருகுவார். ஆனாலும் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். யாரோ ஒரு நாவிதன் முகம் உள்ளே போனதாம், கல்லறைத் திருநாள் வருவதற்குள் மூங்கில் பாலத்திலிருந்து விழுந்து செத்துப்போய்விட்டானாம். அவன் குடித்துவிட்டு எத்தனை முறை அதே பாலத்திலிருந்து விழுந்து எழுந்தான் என்பதை யாரும் சொல்லமாட்டார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நான் சொல்வேன். அன்செல்மோ என்னைவிட மோசம். “சாவு என்ன கறையானா, மரத்துல ஒட்டிக்கிட்டு வர்றதுக்கு?” என்பான்.

கிறிஸ்மஸ் கழிந்ததும் ஏரிக்கு அக்கரையிலிருந்து ரெமிகியா அம்மாள் வந்தார். பெரிய வீட்டுக்காரர். தலைமுறையாக அவர்கள் குடும்பம் வைத்துப் பராமரித்த செத்த ஆண்டவர் சுரூபம் மெழுகுவத்தி சாய்ந்து எரிந்துபோய்விட்டது. கரிக்கட்டையைப் பட்டுத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து காட்டி அழுதார். அதில் பார்த்துச் செய்ய முகமே இல்லை. “பெரிய புதன்கிழமை நான் படகோட வருவேன். வெள்ளிக்கிழம எங்க ஊரு வெறும் பேழைய வச்சுக்கிட்டு நிக்கக்கூடாது, அன்செல்மோ” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்செல்மோ பத்திக்குலிங் மரத்தில் ஆரம்பித்தான். மஞ்சளாக, மிருதுவாக, லேசான வாசனையோடு இருக்கிற மரம் அது. உளி தயிரில் போவது போலப் போகும், பூச்சி அண்டாது. உடம்பை ஒரு கட்டையில், கைகளைத் தனிக் கட்டையில், தலையைத் தனியாக என்று வெட்டினான். கோடாலியில் கழித்தான், பெரிய உளியில் உருவம் எடுத்தான், சின்ன உளிக்கு வந்தபோது கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையாலேயே தள்ளினான். பெர்மினை அவன் கூப்பிடவே இல்லை. அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். முகத்தைத் தன் மனதிலிருந்துதான் எடுத்தான்.

கண் வைக்க வேண்டுமானால் முகத்தை அறுத்து எடுக்கவேண்டும். காதுக்கு முன்னால் அறுப்புவாளை வைத்து உச்சியிலிருந்து தாடைவரை ஒரே அறுப்பு. முகம் ஒரு மூடியைப் போலத் தனியாகக் கையில் வந்துவிடும். பின்பக்கத்தைக் குடைந்து கண்ணாடிக் கண்ணை மெழுகில் பதித்து, முகத்தைத் திரும்ப ஒட்டிவிடுவார்கள். ஒட்டின கோடு சுண்ணத்திலும் தாடியிலும் மறைந்துபோகும். செத்த ஆண்டவருக்கும் இமைக்குக் கீழே கொஞ்சம் கண் தெரியவேண்டும், அப்போதுதான் பார்க்கிறவர்களுக்கு அழுகை வரும்.

அன்று காலை அறுத்தெடுத்த முகத்தை அன்செல்மோ பெண்டாட்டியிடம் கொடுத்தான். அவள் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பினாள். “என்னய்யா, இன்னிக்காவது…” என்று திட்ட ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். நான் தலையின் அளவு எடுக்க வந்தவன், நூலைப் பிடித்தபடி நின்றேன். அந்த நேரம் பார்த்துத்தானா பெர்மின் கெண்டைக் கோர்வையோடு வாசலில் வந்து நிற்கவேண்டும்?

“அக்கா, புளிக்கொழம்புக்கு ஆச்சு” என்றான். பிறகு அவள் கையில் இருந்ததைப் பார்த்தான். “அக்கா, அது நான்தானே?”

“இல்லடா. உள்ள போ.”

“நான்தான். இந்தா பாரு, இந்த மேலுதடு. இந்தத் தாடை.” அவன் குரல் கீச்சென்று போயிற்று. “கண்ண மூடி வச்சிருக்கு. அக்கா, இது பேழைக்குள்ள போறதுதானே?”

அன்செல்மோ சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். “உன் மூஞ்சி என்ன உலக அதிசயமா மச்சான்? ரெண்டு கண்ணு, ஒரு மூக்கு இருந்தா எல்லாம் நீயா?” சொல்லிக்கொண்டே வந்து முகத்தை வாங்கிப் பார்த்தவனின் சிரிப்பு நின்றுவிட்டது. செய்தவனே அப்போதுதான் பார்க்கிறான். “நான் வேணும்னு செய்யலடி” என்றான் மெதுவாக. “கை தானாப் போயிருக்கு.”

எத்தனை வருஷம் ஒரே முகத்தைப் பார்த்துச் செதுக்கிய கை அது. வேறு வழி அதற்குத் தெரியாது. எனக்கு அது புரிந்தது, காசியானாவுக்கும் புரிந்தது. ஆனால் புரிந்து என்ன? பெர்மின் கெண்டைக் கோர்வையை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவனைப் பார்க்கச் சகிக்கவில்லை. முள் தொண்டையில் சிக்கும் என்று மீனைத் தொடவில்லை. தென்னை மரத்தடியில் நடக்கமாட்டான். உட்கார்ந்தபடியே தூங்கினான். “படுத்தா அதுமாதிரியே இருப்பேன் அண்ணே” என்று என்னிடம் சொன்னான். “ஆம்பளையாடா நீ?” என்று நான் அதட்டினேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காசியானா புருஷனிடம் சண்டை போட்டாள். “வேற முகம் செய்யுங்க.”

“நாளில்லடி.”

“அப்ப என் தம்பிக்கு மட்டும் நாளிருக்கா?”

“பைத்தியம் மாதிரிப் பேசாத. மரக்கட்டை அது.”

“மரக்கட்டைதான்னா அடுப்புல போடுங்க பாக்கலாம்.”

அன்செல்மோ எழுந்து முகத்தை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைவரை போனான். அங்கே நின்றுவிட்டான். சாமியார் இன்னும் மந்திரிக்காத மரம்தான், பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் எரித்தால் என்ன ஆகும்? மண்ணில் புதைத்தால்? புதைப்பது என்றால் என்ன அர்த்தம்? கோடாலியால் பிளந்தால்? நினைக்க நினைக்க ஒவ்வொன்றும் முந்தினதைவிட மோசமாக இருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருக்க, சாவு கறையானா என்று கேட்டவன் முகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தான். அன்றுதான் முதல்முறையாக நானும் அந்த முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது.

எவ்வளவு நாள் ஒருவன் வீட்டுக்குள் அடைந்து கிடப்பான்? ஏரியில் மீன் சிக்க அவன் நட்டுவைத்த மூங்கில் அடைப்பு காற்றில் பிய்ந்துபோகிறது என்று ஆள் வந்து சொன்னான். பெர்மின் சிலுவை போட்டுக்கொண்டு படகை எடுத்தான். மத்தியானம் மலைக்காற்று இறங்கிற்று. நாங்கள் கரையில் நின்று பார்க்கப் பார்க்கவே படகு குப்புறக் கவிழ்ந்தது. காசியானா பாவாடையோடு இடுப்பளவு தண்ணீர்வரை ஓடினாள், நான்தான் பிடித்து இழுத்தேன். என் கையைக் கடித்துவிட்டாள். வேறு படகுக்காரர்கள் அவனை இழுத்துக் கொண்டுவந்து மணலில் போட்டார்கள். உயிர் இருந்தது. ஆனால் உதடு நீலம் பாரித்து, கண் பாதி மூடி, வாய் லேசாகத் திறந்து கிடந்தான். மரத்தில் பார்த்த அதே முகம். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் முழங்காலில் விழுந்துவிட்டார்கள்.

அவன் தண்ணீரைக் கக்கி எழுந்து உட்கார்ந்தான். காசியானா ஈரப் பாவாடையைக்கூடப் பிழியவில்லை. நேராகப் பட்டறைக்குப் போனாள். அன்செல்மோ பின்னால் ஓடினான், நானும் போனேன். முகத்தை எடுத்துப் புருஷன் மடியில் வைத்தாள்.

“கண்ணத் திறந்து விடுங்க” என்றாள்.

“என்னது?”

“எரிக்க வேணாம், பொதைக்க வேணாம். இமைய வெட்டி முழுக் கண்ணாத் திறங்க. வாய மூடுங்க. உசிரோட இருக்கிற ஆளா ஆக்குங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அன்செல்மோ ஊசி மாதிரி உளியை எடுத்து இமைகளைத் திறந்தான். திறந்த வாய்க்கு ஒரு சின்ன மரத்துண்டைச் செருகி உதட்டைச் சேர்த்தான். அவள் பளபளக்கிற கண்ணைப் பதித்தாள், கன்னத்தில் இரத்தம் ஓடுகிற சிவப்பை ஏற்றினாள், புருவத்தை மயிர்மயிராக வரைந்தாள். உடம்பில்லாத அந்த முகம் பட்டறைச் சுவரில் மாட்டப்பட்டபோது இப்போதுதான் சிரித்துவிட்டு நிறுத்தினவன் மாதிரி இருந்தது. பெர்மின் வந்து பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான். அன்றிரவு படுத்துத் தூங்கினான், மறுநாள் மீன் கேட்டான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் ஒரு பாட்டில் தென்னஞ்சாராயம் வாங்கி வந்தேன்.

ஆனால் பேழைக்கு முகம் இல்லை. குடைந்த தலை முன்பக்கம் வெறும் பள்ளமாகக் கிடந்தது. தவக்காலம் பாதி ஓடிவிட்டது. அன்செல்மோ புதுக் கட்டையை எடுத்தான். நெற்றி வந்தது, சரி. மூக்குக்கு வந்ததும் கை பெர்மினிடமே போயிற்று. தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு கட்டை. அதிலும் அவனே. “எங்கண்ணுக்கு முன்னாடி வேற ஒரு முகம் இருந்தாத்தான் இந்தக் கை திரும்பும்” என்றான். முகம் கொடுக்க ஆள் உண்டா என்று தெருவில் போய்க் கேட்டான். படகு கவிழ்ந்த கதை அதற்குள் ஊர் முழுக்கப் போயிருந்தது. பிச்சைக்காரன்கூடச் சம்மதிக்கவில்லை. என்னிடம் அவன் கேட்கவில்லை. கேட்டுவிடுவானோ என்று நான் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன்.

ஒரு நாள் அவனே வந்தான். “உர்பானோ, கண்ணாடி ஒண்ணு குடு. தாடி மழிக்கணும்” என்றான். கொடுத்தேன். கண்ணாடி திரும்பி வரவில்லை. பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தான். வெளியே வரும்போது பார்த்தால் தாடி அப்படியே இருந்தது. “மழிக்கலியாடா?” என்று கேட்டேன். “அவசரமென்ன” என்றான். மண்டைக்கு எட்டவேண்டிய நேரத்தில் எனக்கு எது எட்டியிருக்கிறது?

பெரிய வாரம் பிறந்ததும் மாவுச் சாக்குத் துணியில் சுற்றி முகத்தைப் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு, குளிக்கப் போகிறேன் என்று ஏரிப் பக்கம் நடந்துவிட்டான். நான் சுரூபத்தின் தலையில் மூன்று ஒளிக்கதிர்த் தகடுகளைப் பொருத்த ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். காசியானா துணியைப் பிரித்தாள்.

முகத்தை மடியில் வைத்து, கட்டைவிரலால் மூக்கைத் தடவினாள். லேசாக இடப்பக்கம் சாய்ந்த மூக்கு. வாலிபத்தில் மாட்டுவண்டியிலிருந்து விழுந்து அன்செல்மோவுக்கு ஏற்பட்ட கோணல் அது. கண் அரைகுறையாக மூடியிருந்தது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஒருவன் தன் கண் மூடியிருப்பதை எப்படிச் செதுக்கினான் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவன் ஈரத்தலையோடு திரும்பி வந்தபோது அவள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏங்க இப்பிடிச் செஞ்சீங்க?”

“ஓசியில கெடச்ச மூஞ்சி இது ஒண்ணுதான்” என்றான். அவள் சிரிக்கவில்லை. “நீ தம்பியக் கேட்ட, குடுத்துட்டேன். எனக்குத்தான் இதுலெல்லாம் நம்பிக்க இல்லியே காசி. நம்பாதவன எது தொடும்?” சொன்னவன் அவள் மடியிலிருந்த முகத்தைப் பார்க்காமல் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தான். முடி காய்ந்த பிறகும் நிறுத்தவில்லை.

இன்னொரு முகத்துக்கு நாளும் இல்லை, ஆளும் இல்லை. காசியானா கண்ணைப் பதித்தாள், முகத்தைத் தலையில் ஒட்டினாள், சுண்ணம் பூசினாள். காயங்களைச் செய்தாள், முழங்கால் தோல் உரிந்ததைச் செய்தாள். கைக்கும் காலுக்கும் பிணத்தின் வெளிறலைக் கொண்டுவந்தாள். முகத்துக்கு வந்ததும் ஏமாற்றினாள். அடியில் பச்சை பூசவேண்டிய இடத்தில் சிவப்பைப் பூசினாள். ஆட்டுப்பைத் தோலால் தேய்த்துத் தேய்த்துச் சூடேற்றினாள். நாள் முழுக்க உழைத்துவிட்டு அசந்து தூங்குகிற ஒரு மனிதனின் முகமாக அது ஆயிற்று. நான் பார்த்த அவள் வேலைகளிலேயே அழகானது அதுதான்.

புதன்கிழமை மத்தியானம் ரெமிகியா அம்மாள் படகோடு வந்தார். பேழையில் கிடந்த சுரூபத்தைக் காலிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தவர் முகத்தில் நின்றார்.

“காசியானா, இவரு தூங்குறாரு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். “நான் கேட்டது செத்தவர. இவரப் பாத்து யாருக்கு அழுக வரும்? எழுப்பித்தான் விடத் தோணும். கொஞ்சம் சரிபண்ணிக் குடு தாயே. நான் கோயில்ல இருக்கேன்.”

அவர் போனதும் அன்செல்மோதான் வாயைத் திறந்தான். “போட்டுடு காசி. சாயந்தானே.”

அவள் வர்ணப் பலகையை எடுத்துப் பச்சையைக் குழைத்தாள். நீலத்தைக் குழைத்தாள். பிறகு மூலையிலிருந்த கட்டையைக் காட்டி, “நீங்க அங்க உக்காருங்க. பேசிக்கிட்டே இருங்க. நான் முடிக்கிறவரைக்கும் உங்க வாய் நிக்கக்கூடாது” என்றாள்.

“என்னத்தடி பேச?”

“எதையாச்சும். உங்க சத்தம் எங்காதுல விழுந்துக்கிட்டே இருக்கணும்.”

அவன் உட்கார்ந்தான். ரெமிகியா அம்மாளின் விசிறியைக் கேலி செய்தான். என் தகட்டுக் கதிர்களைப் பார்த்தால் கரண்டிக் காம்பு தோற்றது என்றான். நான் பதிலுக்கு ஏதோ சொன்னேன். அவள் சுரூபத்தின் கண்ணுக்குக் கீழே பச்சையை ஏற்றினாள், கன்னம் உள்ளே விழுந்தது. அவன் பத்திக்குலிங் மரத்தை மலையில் எந்தச் சரிவில் வெட்டினோம் என்று ஆரம்பித்தான், மழையில் எப்படி உருட்டிக்கொண்டு வந்தோம் என்றான். அவள் மூக்கு நுனியை வெளிற வைத்தாள். அவன் பேச்சு தேய ஆரம்பித்தது. சொன்னதையே திரும்பச் சொன்னான். பிறகு தான் செதுக்கின புனிதர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கினான், பிரார்த்தனை மாலை சொல்கிற மாதிரி. வாழ்நாள் முழுக்கப் பேசியே பிழைத்தவனுக்குப் பேச்சு தீர்ந்துபோனதை அன்று பார்த்தேன். பெர்மின் கதவோரம் வந்து நின்றான், உள்ளே வரவில்லை.

உதட்டுக்குத் தூரிகை சரிப்படாது, விரல்தான். அவள் நீலத்தை நடுவிரலில் தொட்டு மேலுதட்டில் அழுத்தி இழுத்தாள். கீழுதட்டில் வைத்தாள். அப்போது சத்தம் நின்றுவிட்டது.

அவள் திரும்பினாள். அன்செல்மோ தலையைத் தூணில் சாய்த்திருந்தான். கண் பாதி மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

அவள் எழுந்ததை நான் பார்க்கவில்லை. பலகை விழுந்த சத்தம்தான் கேட்டது. பாய்ந்துபோய் இரண்டு கையாலும் அவன் வாயைப் பிடித்து, “ஏங்க! ஏங்க!” என்று உலுக்கினாள்.

“எச்சி முழுங்கினேன்டி!” என்று அவன் அலறினான். “தொண்ட காஞ்சு போச்சு. பேச ஒண்ணும் மிச்சமில்லடி.”

அவள் அப்படியே அவன் காலடியில் சரிந்து அழ ஆரம்பித்தாள். அவனும் பயந்துபோய்ச் சிரித்தான். பிறகு அவள் நிமிர்ந்து பார்த்தாள், அழுகை நின்றுவிட்டது. அவள் கையிலிருந்த நீலம் முழுக்க அவன் உதட்டில் இருந்தது. மேலுதட்டில், கீழுதட்டில், வாயின் ஓரத்தில். அவளுக்குப் பின்னால் பேழையில் கிடந்ததற்கும் கட்டையில் உட்கார்ந்திருந்தவனுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. கதவோரத்தில் பெர்மின் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டான்.

எதையும் நம்பாதவன் நான். என் மேஜையில் கிடந்த மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அன்செல்மோவின் தலையைத் தூணோடு அழுத்திப் பிடித்து உதட்டைத் தேய்த்தேன். போகவில்லை. உதட்டு வெடிப்புக்குள் இறங்கியிருந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

“விடுடா பாவி, எரியுது! ரத்தம் வருதுடா!” என்று அவன் கத்தினான்.

“கத்துங்க” என்றாள் காசியானா, அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு. “நிறுத்தாதீங்க. இன்னும் நல்லாக் கத்துங்க.”